ஊர் சுற்றப் போகிறோம் என்று சொல்லி ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகலாமா?

(அறுவை சிகிச்சைக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற தாதி ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், என் மகனுக்கு ஐந்து வயது. அழும்போதும் இருமும்போதும் தொடை இடுக்கில் வீங்குகிறது. குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பையனுக்கு ஊசி என்றாலே நடுக்கம். "அவன்கிட்ட ஒன்னும் சொல்லாத, குயின்ஸ்பே மாலுக்குப் போறோம்னு கூட்டிட்டுப் போயிரு" என்கிறார் என் மாமியார். எனக்கோ மயக்க மருந்தை நினைத்தாலே தூக்கம் வருவதில்லை.
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, உங்கள் மாமியார் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் அப்படிச் செய்யாதீர்கள். ஏமாற்றிக் கூட்டி வந்த பிள்ளைகளை ஆபரேஷன் கூடத்து வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். பச்சை உடுப்பைக் கண்டதும் எல்லாம் புரிந்துவிடும். அந்தப் பிள்ளை ஊசியைப் பார்த்துக்கூட அவ்வளவு அழாது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நீ பொய் சொன்ன" என்று அழும். அதற்குப் பிறகு அம்மா சொல்லும் எந்த ஆறுதலும் அதன் காதில் ஏறாது.

ஐந்து வயதுப் பையனுக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். இப்போதே சொன்னால் இரண்டு வாரமும் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். அவன் கண்ணுக்கும் மூக்குக்கும் என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்கள்: அறை குளிரும். எல்லாரும் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருப்பார்கள். விரலில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப்பை மாட்டுவார்கள். மூக்கில் வைக்கும் மூடியில் பிளாஸ்டிக் வாடை வரும். அதில் மூச்சு விட்டால் தூக்கம் வரும். விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

"நடுவுல முழிச்சிட்டா?" என்று கேட்பான். இந்த வயதுப் பிள்ளைகளின் பெரிய பயமே அதுதான். "இது வீட்டுல தூங்கற தூக்கம் மாதிரி இல்ல. உன்னைத் தூங்க வைக்கறதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார். வேலை முடியற வரைக்கும் உன் பக்கத்துலயே இருப்பார்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். "அப்புறம் கொஞ்சம் வலிக்கும், அதுக்கு மருந்து தருவாங்க" என்று சொன்னால் அவன் தாங்கிக்கொள்வான்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுவோம். தயவுசெய்து இன்றோடு அதை நிறுத்துங்கள். இந்த வயதில் பிள்ளைகள் ஆபரேஷனைத் தண்டனை என்றே நினைத்துவிடுவார்கள். "நீ எந்தத் தப்பும் பண்ணல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியது அவசியம்.

நீங்களும் எந்தத் தப்பும் செய்யவில்லை, அம்மா. ஆண் குழந்தைகளுக்கு விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கி வரும் வழி, பிறக்கும் சமயத்தில் தானாக மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடுவதில்லை. அந்த வழியாகத்தான் குடல் வந்து புடைக்கிறது. அதிகம் அழுததாலோ, தூக்கி விளையாடியதாலோ வந்ததல்ல. தேதி வருவதற்குள் வீக்கம் கெட்டியாகி உள்ளே போகாமல் இருந்தாலோ, பிள்ளை வாந்தி எடுத்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

உங்கள் தூக்கமின்மைக்கு மருந்து, மயக்க மருந்து டாக்டரிடம் நேரில் பேசுவதுதான். ராத்திரியில் கைப்பேசியில் தேடிப் படிப்பதால் பயம்தான் கூடும். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, ஆடும் பல், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்கவே கூடாது. தேதி தள்ளிப் போகுமே என்று மறைப்பவர்கள் உண்டு. சளி பிடித்த பிள்ளைக்கு மயக்கத்தில் மூச்சுக்குழாய் சட்டென்று இறுகிக்கொள்ளக்கூடும். ஊசி பயத்தையும் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே கையில் தடவினால் தோல் மரத்துப்போகும் களிம்பு இருக்கிறது. கிடைக்குமா என்று கேளுங்கள்.

அடுத்து, பட்டினி. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அதனால்தான் பொதுவாகச் சாப்பாட்டையும் மாவுப் பாலையும் 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறுந்தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். ஆனால் உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரம்தான் கணக்கு. மைலோவில் பால் இருக்கிறது, அது தண்ணீர்க் கணக்கில் சேராது. "பாவம், பசிக்குது" என்று பாட்டி ஒரு பிஸ்கட்டை ஊட்டிவிட்டால் அன்றைய ஆபரேஷனே தள்ளிப் போகும். இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

அன்று காலையில் "பயப்படாதே, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். பெர்ரிப் படகில் போனதைப் பற்றிப் பேசுங்கள், கைப்பேசியில் அவனுக்குப் பிடித்த விளையாட்டைக் கொடுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் கணவரிடம் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. டான்சில் ஆபரேஷன். தூங்க வைக்கும்வரை பெற்றோரில் ஒருவர் உள்ளே வரலாம் என்றார்கள். மனைவி அழுதுவிடுவாள். நான் போகலாமா? போகாவிட்டால் பிள்ளை பயந்துவிடுமா?
- ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, பதற்றம் குறைந்தவர் போவதே நல்லது. யாருமே போகாவிட்டாலும் பிள்ளையைக் கைவிட்டதாக ஆகாது. 1998-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பெற்றோர் உடனிருப்பதைவிட, முன்கூட்டிக் கொடுத்த பதற்றம் தணிக்கும் மருந்தே பிள்ளைகளை நன்றாக அமைதிப்படுத்தியது. மிடாசோலம் என்ற அந்த மருந்து உங்கள் மகளுக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். மூடியை வைத்த சிறிது நேரத்தில் கண் மேலே சொருகும். கை கால் உதறலாம், குறட்டை வரலாம். பிறகு உடம்பு துவண்டுவிடும். இது எல்லாம் மயக்கம் வரும்போது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் முன்பின் பார்த்திராத அப்பாவுக்கு உயிரே போய் வரும். தாதி "போதும் ஐயா" என்றதும் உடனே வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அங்கே எல்லாருடைய கவனமும் பிள்ளைமேல்தான் இருக்க வேண்டும்.

விழிக்கும்போது சில பிள்ளைகள் உங்களையே அடையாளம் தெரியாததுபோல் உதைத்துக்கொண்டு கத்துவார்கள். இந்த வயதில் இது அதிகம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். விழாமல் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வீடு திரும்பிய பிறகும் சில நாள் கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், அம்மாவை விடாமல் ஒட்டிக்கொள்வது என்றெல்லாம் இருக்கலாம். திட்டாதீர்கள், சரியாகிவிடும்.

கேள்வி: பேரனின் வெள்ளி அரைஞாணையும் தாயத்தையும் கழற்றச் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை.
- ஒரு பாட்டி, பிறை

பதில்: கழற்றத்தான் வேண்டும், பாட்டிம்மா. ஆபரேஷனில் ரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் பட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் சுட்டுவிடக்கூடும். விரலில் மருதாணி வைக்காதீர்கள், விரலில் மாட்டும் கிளிப் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைச் சரியாகக் காட்டாமல் போகலாம். தாயத்தை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். வார்டுக்கு வந்த பிறகு தாதியைக் கேட்டுக் கட்டிவிடலாம். அரைஞாணை மட்டும் தையல் ஆறும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள், புண்ணில் உரசும்.