கோணேசர் மலையில் படம் எடுக்க 'பாஸ்' வேண்டுமா?

கேள்வி: ஆவணியில் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு லண்டனிலிருந்து திருகோணமலைக்கு வருகிறேன். கோணேசர் கோயிலையும் மலையையும் வடிவாகப் படம் எடுக்க ஆசை. தங்கச்சியின் கலியாண அல்பத்துக்கும் அங்கே நாலு படம் வேண்டும். பெரிய கமராவும் ஒரு சின்ன ட்ரோனும் கொண்டுவருகிறேன். கோயிலுக்குப் போகிற வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆமி கமராவைப் பறித்துவிடும், 15,000 ரூபா தந்தால் பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். முற்பணமாகப் பாதி கேட்டாலும் வேண்டாம். கோணேசரைக் கும்பிட வருகிற எவரும் கோட்டை வாசலால் நடந்தோ ஓட்டோவிலோ மேலே போகலாம், அதற்கு நுழைவுச்சீட்டே கிடையாது. கழுத்தில் கமரா தொங்குகிறது என்பதற்காகத் தனியாக ஒரு பாஸ் எங்கிருந்து வரும்? அந்த ஆள் எந்தக் கந்தோருக்கும் போகப்போவதில்லை. நீங்கள் எப்படியும் உள்ளே போய்விடுவீர்கள், போனதும் என்னால்தானே விட்டார்கள் என்பார், நீங்களும் நம்பி அடுத்த சொந்தக்காரருக்கு அவருடைய நம்பரைக் கொடுப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பயத்தில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. எந்த அலுவலகம், என்ன பற்றுச்சீட்டு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களையும் போட்டுக் கட்டிய கோட்டை அது. பிறகு ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கைமாறி, இன்றும் அதற்குள் இராணுவம் இருக்கிறது, கோயில் பாதையும் அதற்குள்ளால்தான் போகிறது. கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதில்தான் முழு விசயமும் இருக்கிறது. காவலரண், சீருடை, படை வாகனம், அவர்களுடைய கட்டடம், இந்த நாலையும் விட்டுவிடுங்கள். பையைச் சோதிக்கக் கேட்டால் சிரித்த முகத்தோடு திறந்து காட்டுங்கள். ஓட்டோவுக்குள் இருந்தபடி போனில் வீடியோ ஓடவிட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள், பெரிய கமராக்காரரை விட இவர்கள்தான் அதிகம் பேச்சு வாங்குகிறார்கள். வழியில் புள்ளிமான் நிற்கும், அதை எடுக்கலாம், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு.

கோட்டை வாசலில் ஒன்றைத் தவறவிட வேண்டாம். நிலைக் கல்லில் இரட்டைக் கயல் மீன் செதுக்கியிருக்கிறது, பழைய கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டனின் பெயர் சொல்லும் தேய்ந்த தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் தெரியும். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்தால் பள்ளத்தில் நிழல் தங்கி மீனின் கோடு எழும்பி நிற்கும். அது காவல் நிற்கிற வாசல். அதனால் கல்லைக் கையால் காட்டி, எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, காவலாளி படத்துக்குள் வராமல் கிட்டப் போய் எடுங்கள்.

இதையெல்லாம் நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஒரே மலையில் படையினர் ஒரு பக்கம், தொல்லியல் திணைக்களம் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கை காட்டுவார். எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று மூன்று மொழியிலும் பெரிதாக ஒரு பலகையை வாசலில் நட்டுவிட்டால் இந்தப் பாஸ் வியாபாரிகள் அடுத்த நாளே வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான்.

ட்ரோனை லண்டனிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கீழே இராணுவம், மேலே சனம் நிறைந்த கோயில், துறைமுகத்தில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அதையும் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

கோயிலுக்குள் படம் இல்லை, போனிலும் இல்லை. 1950இல் நிலத்துக்கடியிலிருந்து கிடைத்த பழைய திருமேனிகளை அம்மா கண்ணாரக் கும்பிடட்டும். ஆண்கள் சேர்ட்டைக் கழற்ற வேண்டும், கமராவை முதலே பைக்குள் போடுங்கள்.

சரி, தங்கச்சியின் அல்பம். கும்பிட வந்த குடும்பம் வெளியில் நின்று எடுக்கும் படத்தை யாரும் தடுப்பதில்லை. கலியாண உடுப்பு, மேக்கப், லைட், முக்காலி, இரண்டு உதவியாளர் என்று போனால் அது வேறு கதை, அது படப்பிடிப்பு. இதற்கு முன்கூட்டியே கேட்க வேண்டும், முதலில் கேட்க வேண்டிய இடம் கோயில் பரிபாலன சபை. கடிதத்தில் நாள், நேரம், எத்தனை பேர், என்ன சாமான், கோயிலின் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். சும்மா 'போட்டோஷூட்' என்று எழுதினால் என்ன நினைப்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருங்கள், வாயால் சொன்னது வாசலில் நிற்காது. திருவிழா நாட்களையும் வெள்ளி மாலையையும் கேட்காதீர்கள். உங்கள் படப்பிடிப்பாளர் "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா" என்றால் கடிதத்தின் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அந்த நாலு படத்தைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது.

நேரம் முக்கியம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அந்த வெயிலில் வெறுங்காலோடு கல்லில் அம்மாவால் நிற்கவும் முடியாது. விடிய வெள்ளன வாருங்கள், சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும். ஆனால் ஏறி வருகிற பக்கமிருந்து அப்போது கோயில் கறுத்துத் தெரியும், கோயிலுக்கு மாலை வெயில்தான் நல்லது. கச்சான் என்கிற தென்மேல் காற்று ஓயாத காலம், லென்ஸில் உப்புப் படியும், மெல்லிய துணி வைத்திருங்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் விளிம்பில் செல்ஃபிக்காக ஏற வேண்டாம். அங்கே மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடும். தொட்டிலைப் படம் எடுங்கள், அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரின் முகத்தை எடுக்காதீர்கள்.

முழு மலையும் படத்துக்குள் வர வேண்டுமென்றால் கீழே இறங்கிவிட வேண்டும். பின்னேரம் வெயில் சாயும்போது வடக்கே பேக் பே (Back Bay) குடாவின் கரையில் நின்று பாருங்கள். கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கிற கிழக்கு முகத்தைப் படகிலிருந்துதான் எடுக்கலாம், அதுவும் காலையில். ஏறுமுன் விலையைப் பேசி முடியுங்கள், உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் அம்மாவை ஏற்றாதீர்கள்.