வலிக்காத கால்

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்குத் திருமணம். வரவேற்பில் நான் போட்டுக்கொள்ள, முன்பக்கம் கூரான ஹீல்ஸ் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சம்பந்தி அம்மாள் நல்ல உயரம்; போட்டோவில் நான் குள்ளமாகத் தெரியக் கூடாதாம். வீட்டில் தினமும் போட்டு நடந்து பழகுகிறேன். வயது 52. சுண்டுவிரலில் கால் ஆணி, குதிகாலில் வெடிப்பு. திருமணத்துக்குள் இவை மறைய என்ன தடவலாம்? (சென்ற வாரம் விரல் உரசிப் புண்ணாகிவிட்டது. வலியே இல்லை, தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 11 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.)
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: கேட்க வேண்டியதை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டு, களிம்பின் பெயரைக் கேட்கிறீர்கள். களிம்பு பிறகு.

தோல் கிழிந்து ரத்தம் வழிகிற காலோடு கூடத்தில் நடந்திருக்கிறீர்கள். தரையில் சிவப்பாகத் தடம் விழுந்த பிறகுதான் அது உங்கள் கால் என்றே தெரிந்திருக்கிறது. இதில் 'வலியே இல்லை' என்று நல்ல சேதிபோல வேறு எழுதுகிறீர்கள். நாய் குரைக்கவில்லை என்றால் வீட்டுக்குள் திருடன் வரவில்லை என்றா பொருள்? பல ஆண்டுச் சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுக்கும். பலருக்கு முதலில் எரிச்சல், ஊசி குத்துவதுபோல் ஒரு குறுகுறுப்பு, பஞ்சின்மேல் நடப்பதுபோல் ஒரு மதமதப்பு. அப்புறம் ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் சின்ன உரசல்கூட ஆறாமல் சீழ்பிடித்து, விரலை எடுப்பதில் கொண்டுபோய் விடக்கூடும். இதே கதையை எத்தனை கடிதங்களில் படித்துவிட்டேன்! எல்லாவற்றிலும் 'விசேஷம் முடியட்டும் என்று இருந்தேன்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும்.

நாளைக் காலையே டாக்டரிடம் போங்கள். புண்ணைக் காட்டுங்கள். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். பாதத்தில் நாடி பிடித்து ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார். மருந்துக்கடையில் விற்கிற கால் ஆணி பிளாஸ்டரை வாங்கி ஒட்டிவிடாதீர்கள். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். பிளேடால் சீவுவதும் வெந்நீரில் காலை ஊறவைப்பதும் கூடவே கூடாது. சூடு தெரியாத காலுக்கு வெந்நீர் எதற்கு?

அந்தச் செருப்பை என்ன செய்வது என்கிறீர்களா? ஒரு செய்தித்தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். செருப்பை அதன்மேல் வையுங்கள். கோடு எங்கே வெளியே தெரிகிறதோ அங்கேதான் உங்கள் சுண்டுவிரல் நசுங்குகிறது, அங்கேதான் ஆணி வந்திருக்கிறது. குதி உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்தில் இறங்கி விரல்களை அந்தக் கூம்புக்குள் திணிக்கும். பழகினால் சரியாகிவிடுமாம்! எலும்பு எங்கே பழகும்? எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள்; நுண்துளை ரப்பரில் செய்தது, மெத்தென்று இருக்கும். சாயங்காலத்தில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கிய அளவு தெரியும். வெறுங்காலோடு மட்டும் நடக்காதீர்கள், வீட்டுக்குள்ளும்.

இனி மகளைப் பற்றி. வாங்கிக் கொடுத்தவள் ஆசையாகத்தான் கொடுத்திருப்பாள். அவளிடம் ரத்தம் வந்ததைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். ஓசைப்படாமல் தரையைத் துடைத்துவிட்டு மறுநாளும் அதே செருப்பைப் போட்டிருப்பீர்கள். நீங்கள் இதைத் தாய்ப்பாசம் என்பீர்கள். நான் பெற்ற பிள்ளையிடம் சொல்கிற பொய் என்பேன். அம்மாவின் காலில் புண் இருப்பது தெரியாமல் ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போகக் கூடாது. மணமேடையில் மாப்பிள்ளையின் காலைக் கழுவத் தாம்பாளம் எடுத்து வைத்திருப்பீர்கள். உங்கள் காலை அந்த வீட்டில் யாராவது ஒருவர் குனிந்து பார்த்ததுண்டா? உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவருக்கும் கண் இருக்கிறது அல்லவா?

இன்றிரவே மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உங்கள் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அவள் போன பிறகு அது உங்கள் கணவரின் வேலை. உயரம்தான் கவலையென்றால், சம்பந்திகள் இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுக்கும்படி போட்டோகாரரிடம் சொல்லுங்கள்.

வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும். விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். அங்கே ஈரம் தங்கக் கூடாது.