பந்தி வரும்போது நின்றுபோகும் டி.வி.டி.

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, வீட்டில் பதிந்துவைக்கும் சி.டி., டி.வி.டி. பற்றியே கேட்டிருந்தன. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, என் மூத்த மகளின் திருமணம் 2006ஆம் ஆண்டு நடந்தது. வீடியோக்காரர் அதை டி.வி.டி.யில் பதிந்து கொடுத்தார். இப்போது போட்டால் மாப்பிள்ளை அழைப்பும் முகூர்த்தமும் நன்றாக ஓடுகின்றன. பந்தி வரும்போது படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுகிறது. புதிய தகட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஐந்து ரோட்டில் ஒரு கடையில் கேட்டேன். இரண்டு வகைக் காலி டி.வி.டி.க்களைக் காட்டினார்கள், ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. விலை கூடியதன் உறையில் நூறாண்டு உழைக்கும் என்று அச்சிட்டிருக்கிறது. எந்தக் கம்பெனியை நம்பி வாங்கலாம்?

கம்பெனியைப் பற்றிப் பேசுவதற்கு முன், தங்கள் தகடு ஏன் பந்தியில் போய் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டி.வி.டி.யில் பதிவு நடுத்துளையின் அருகில் தொடங்கி, சுருள் சுருளாக வெளி விளிம்பை நோக்கிச் செல்கிறது. அதாவது முகூர்த்தம் உள்ளே இருக்கிறது, பந்தி ஓரத்தில் இருக்கிறது. ஓரத்துக்குத்தான் தொல்லைகள் அதிகம். ஆலையில் தகட்டைச் சுழற்றியபடி, பதிவை ஏற்கும் சாயத்தைப் பரப்புவதால், அது சீராகப் படிவதற்குக் கடினமான இடம் விளிம்பு. தகடு இம்மியளவு வளைந்திருந்தாலும் அந்த வளைவு பெரிதாகத் தெரிவது விளிம்பில்தான். நாம் விரல் வைத்துப் பிடிப்பதும் அங்கேதான். தகட்டை முழுவதும் நிரப்பிப் பதிந்திருந்தால், கடைசியில் பதிந்தது முதலில் கெடுவது வழக்கமாக நடப்பதே.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அதே 2006இல் கடையில் வாங்கிய சினிமா டி.வி.டி. இன்றும் ஒழுங்காக ஓடும். காரணம், அது அச்சு வைத்து வார்க்கப்பட்டது. அதிலுள்ள பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்தவை. வீடியோக்காரர் கொடுத்த தகட்டில் அப்படிப்பட்ட பள்ளங்கள் இல்லை. அதில் கரிமச் சாயப் படலம் ஒன்று இருக்கிறது. பதியும்போது லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு மாற்றுகிறது. படிக்கும் கருவி, மாறிய இடத்துக்கும் மாறாத இடத்துக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைப் பார்த்துப் படத்தைத் தருகிறது. லேசர் நொடியில் செய்ததை வெயிலும் வெப்பமும் ஆண்டுக் கணக்கில் மெதுவாகச் செய்கின்றன. சாயம் தானே வெளிற வெளிற, அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது.

இனிக் கம்பெனி. பெட்டியின் மேல் இருக்கும் பெயர் ஒன்றாகவும், தகட்டைச் செய்த ஆலை வேறொன்றாகவும் இருப்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம். பெயர் பெற்ற கம்பெனிகளும் வெளி ஆலைகளில் வாங்கித் தம் முத்திரையைப் போட்டு விற்றிருக்கின்றன. பதியக்கூடிய சி.டி.யை 1988இல் உருவாக்கிக் காட்டிய ஜப்பானின் தையோ யூடென், 2015இல் தகடு செய்வதையே விட்டுவிட்டது. வெர்பேட்டிம் என்ற முத்திரையை மிட்சுபிஷி கெமிக்கல், தைவானின் சி.எம்.சி. கம்பெனிக்கு விற்பதாக 2019இல் அறிவித்தது. நம் நாட்டில் நொய்டாப் பக்கம் ஆலை வைத்து ஏராளமாகச் செய்த மோசர் பேயரைக் கலைக்கும்படி 2018இல் உத்தரவாயிற்று. ஆகவே பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் 'இந்தப் பெயர் நல்லது' என்று சொன்னதை வைத்து இன்று வாங்குவது பொருந்தாது. தகட்டின் உள் வளையத்தில் அதைச் செய்தவரின் குறியீடு பதிந்திருக்கும். கணினியில் இலவச மென்பொருள் கொண்டு அதைப் படிக்கலாம். ஆனால் கடையில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது என்பதால், நான் பின்பற்றும் வழி எளியது. முதலில் நான்கைந்து தகடுகள் மட்டும் வாங்கி, ஒன்றை விளிம்பு வரை பதிந்து, வேறு இரண்டு கருவிகளில் ஓட்டிப் பார்த்த பிறகே அதே கட்டிலிருந்து மேலும் வாங்குவேன். விலை குறைந்த தகடு இந்தச் சோதனையில் தேறியதும், விலை கூடியது தோற்றதும் உண்டு.

அந்த நூறாண்டுக் கணக்கு முழுப் பொய் அன்று. ஆனால் நாம் எண்ணுவது போன்ற உறுதிமொழியும் அன்று. தகடுகளைக் கடும் வெப்பத்திலும் ஈரத்திலும் சில வாரங்களோ மாதங்களோ வாட்டி, கெடும் வேகத்தை அளந்து, சாதாரண அறையில் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது அது. அந்த 'சாதாரண அறை' குளிர்ச்சியானது, ஈரம் அளவானது. சித்திரை வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும் மொட்டை மாடிக்குக் கீழே, பீரோவின் மேல்தட்டில் கிடக்கும் தகட்டை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது, புதுத் தகடு வாங்குவதற்கு முன்பாகப் பழையதைக் காப்பாற்றுவது. டி.வி.டி. பிளேயர் படிக்காததைக் கணினியின் டிரைவ் படிக்கலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கலாம். மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் பதிவின் போக்கிலேயே நீளமாக விழுந்து, அதிகச் சேதம் செய்யும். எடுக்க முடிந்ததை முதலில் ஹார்டு டிஸ்கில் சேர்த்துவிட்டு, பிறகு புதிய தகட்டில் பதியுங்கள். 16 மடங்கு வேகம் என்று எழுதியிருக்கும் டி.வி.டி.யை 8 மடங்கில் பதிவது நன்று. 'மெதுவாகப் பதிந்தால்தான் நிற்கும்' என்று எண்ணி ஒரேயடியாகக் குறைத்துவிடவும் வேண்டாம். இன்றைய சாயங்கள் வேகமான பதிவுக்கென்றே அமைக்கப்பட்டவை. 4.7 ஜி.பி. கொள்ளும் தகட்டில் 4 ஜி.பி. அளவோடு நிறுத்திக்கொண்டால், விளிம்பு காலியாக இருந்து தொல்லை குறையும். பதிந்து முடித்ததும் மென்பொருள் 'சரிபார்க்கட்டுமா' என்று கேட்கும்; நேரமாகிறதே என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கருதுகிறேன்.

அதன் பிறகும் தகடு ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து அது நலமாக இருக்கிறது என்று கொள்ளக் கூடாது. பதிவோடு கூடவே பிழைதிருத்தக் கணக்கும் எழுதப்படுகிறது. சில எழுத்துகள் அழிந்தாலும் கருவி அவற்றைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. நிரப்ப முடிகிற வரை படத்தில் ஒரு குறையும் தெரியாது. அழிவு அந்த எல்லையைத் தாண்டிய அன்றுதான் திடீரென்று கட்டம் கட்டமாக உடையும். ஆகையால் ஒவ்வொரு தகட்டையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இறுதிப் பகுதி வரை ஓட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குக் கணினியைத் துடைக்கும் நாளை இதற்கென்று வைத்திருக்கிறோம். பொட்டு வைப்பதற்கு முன் தகடுகள் ஓடி முடிந்துவிடும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி: காபித் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். மழைக்காலத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் சி.டி.க்களின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இவை கெட்டுவிட்டனவா? சேலத்தில் மகன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாமா?

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, தகடுகளை 20 டிகிரிக்குக் கீழும், காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டாமலும் வைக்கச் சொல்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தங்களுக்கு முதல் நிபந்தனை பெரும்பாலும் தானே கிடைக்கிறது, இரண்டாவது கிடைப்பதில்லை. மகனுக்கோ ஏறக்குறைய நேர்மாறு. எனக்குத் தோன்றுவது, ஈரத்தை வீட்டிலேயே அடக்கிவிடலாம், சேலத்து வெயிலை அடக்குவதுதான் கடினம். எனவே தகடுகள் மலையிலேயே இருக்கட்டும்.

மேலே பூத்திருப்பது பூஞ்சை. சிறிது சோப்பு கலந்த நீரால் நனைத்த துணியைக் கொண்டு மெதுவாகத் துடைத்து, நல்ல நீரில் அலசி, முற்றிலும் உலர்த்துங்கள்; போய்விட்டால் கவலை இல்லை. பிறகு தகட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வேர் ஓடியது போலக் கோடுகளோ, முன்பு இல்லாத ஊசித் துளைகளோ தெரிந்தால், உள்ளேயிருக்கும் உலோகப் படலம் அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் இருந்தது திரும்பாது. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் கெட்டுப்போன ஒரு சி.டி.யின் உள்ளேயே பூஞ்சை ஊடுருவியிருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2001இல் விவரித்திருக்கிறார்கள்.

காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தகடுகளை நிறுத்தி வையுங்கள்; நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்தால், நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தாள் உறையும் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏற்காட்டுக் குளிரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குத் தகட்டைக் கொண்டுசெல்லும் நாளில், வந்தவுடன் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள்; இல்லாவிட்டால் குளிர்ந்த தகட்டின் மேல் நீர் பூத்துவிடும்.

சிவதாபுரத்திலிருந்து ஒரு வாசகர்: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மாதிரிகளின் படங்களைச் சி.டி.யில் பதிந்து பட்டறையிலேயே வைத்திருக்கிறேன். உள்ளே பளபளப்பது வெள்ளி என்கிறார்களே, உண்மையா? உண்மையானால் நம் வெள்ளி கறுப்பது போல அதுவும் கறுக்குமா?

உண்மைதான். கடையில் வரும் சினிமாத் தகட்டில் பளபளப்பது பொதுவாக அலுமினியம். நாம் பதியும் தகட்டில் பெரும்பாலும் வெள்ளி அல்லது வெள்ளிக் கலவை. (ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும், உருக்கிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம்.) கந்தகம் பட்டால் கொலுசைப் போலவே அதுவும் கறுக்கும். இங்கிலாந்தில் ஓர் ஆலையில் 1980களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் வார்க்கப்பட்ட இசைத் தகடுகளில் அலுமினியத்துக்குப் பதில் வெள்ளி பூசப்பட்டிருந்தது. மேலிருந்த வார்னிஷ் போதாமையால், உடன் வைத்த தாளிலிருந்த கந்தகமே அவற்றை விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக்கிவிட்டது.

இதில் சி.டி.க்கும் டி.வி.டி.க்கும் ஒரு வேறுபாடு உண்டு. சி.டி.யில் வெள்ளிப் படலம், பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்குச் சற்றே கீழே இருக்கிறது. நாம் பொத்திப் பொத்தி வைக்கும் கண்ணாடிப் பக்கத்துக்கு 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல். மேசை மீது தேய்க்கும் எழுத்துப் பக்கத்துக்குக் காவலே இல்லை என்று சொல்லலாம். டி.வி.டி.யில் 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டுக்கு நடுவே படலத்தை வைத்து ஒட்டியிருப்பதால் பாதுகாப்பு அதிகம். தங்கப் படலம் போட்ட தகடுகளும் வந்தன. தங்கம் கறுக்காது என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மேலே தங்க நிற மை பூசியிருப்பதெல்லாம் தங்கத் தகடு அன்று.

திராவகப் புகை உலவும் பட்டறையில் தகடுகளை வைக்காதீர்கள். கட்டாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போடவும் வேண்டாம், ரப்பரிலும் கந்தகம் உண்டு. படங்களை டி.வி.டி.க்கு மாற்றி வீட்டில் வையுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: தகட்டின் மேல் பெயரை எதனால் எழுதுவது? ஸ்டிக்கர் ஒட்டலாமா?

நீர் மை கொண்ட மென்முனை மார்க்கரால், நடுத்துளையைச் சுற்றியுள்ள ஒளி ஊடுருவும் வளையத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது. ஸ்டிக்கர் ஒருபுறம் சாய்ந்து ஒட்டினாலும் தகடு சுழலும்போது ஆடும்; பின்பு உரித்தால் சி.டி.யின் வெள்ளியும் கூடவே வரும்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: அழித்து எழுதும் தகட்டில் குடும்பப் படங்களை வைக்கலாமா?

வேண்டாம். ஏறக்குறைய ஆயிரம் முறை அழித்து எழுதலாம் என்பது வேலைக்கு நல்லது, சேமிப்புக்கு அன்று. ஒரே முறை பதியும் தகட்டில் குழந்தை தவறுதலாக எதையும் அழித்துவிட முடியாது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர்: 2012இல் வாங்கிய ஐம்பது காலி டி.வி.டி.க்கள் டப்பா பிரிக்காமல் இருக்கின்றன. பயன்படுத்தலாமா? அல்லது இவற்றை விட்டுவிட்டுப் பென் டிரைவுக்கு மாறிவிடுவதா?

பதியாத தகட்டின் சாயமும் முதிரும். முன்பு சொன்ன கையேடு, பதியாத தகட்டுக்கு 5 முதல் 10 ஆண்டு என்றே குறைத்து மதிப்பிடுகிறது. தங்கள் டப்பா அந்தக் காலத்தைக் கடந்துவிட்டது. யாருக்காவது பாட்டுப் பதிந்து கொடுக்கவோ, பயிற்சிக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கான பொருள். மின்னூட்டமாகச் சேமிக்கப்படுவது ஆண்டுக் கணக்கில் மேசை அறையில் கிடந்தால் கசியும். படங்களை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். மிகவும் வேண்டியவற்றை மட்டும் மூன்றாவதாகத் தகட்டில் பதியலாம். அதற்குச் சாயம் இல்லாத, கனிமப் படலம் கொண்ட எம்-டிஸ்க் அல்லது 25 ஜி.பி. புளூ-ரே நல்லது, ஆனால் புளூ-ரேயில் எல்.டி.எச். (LTH) என்று குறித்திருந்தால் அதுவும் சாயம்தான், தவிர்த்துவிடுங்கள். பதியக்கூடிய புளூ-ரே தகடுகள் செய்வதை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. புதிய மடிக்கணினிகளில் டிரைவே வருவதில்லை. ஆதலால் தகடு வாங்கும் அன்றே யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் ஒன்றையும் சேர்த்து வாங்கி, அந்தத் தகடுகள் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.