பூத்தில் ஆள் இல்லாத கட்சிகள்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது இருபத்தொன்பது. தனியார் நிறுவனத்தில் வேலை. ஓட்டுரிமை வந்ததிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் ஏதாவது ஒரு புதிய கட்சிக்குத்தான் போட்டிருக்கிறேன். ஒன்று கூட்டணிக்குப் போய்க் கரைந்தது. இன்னொன்று தலைவரின் அறிக்கைகளோடு நின்றுவிட்டது. இப்போது இன்னொரு புதிய கட்சியின் உறுப்பினர் படிவம் என் மேஜைமேல் கிடக்கிறது. நிரப்புவதா, கிழிப்பதா என்று தெரியவில்லை. பேசாமல் நோட்டாவை அழுத்திவிட்டு ஒதுங்கிவிடலாமா என்றும் தோன்றுகிறது.

என்னைக் கேட்டால் கோளாறு தேர்தல் முறையில்தான். விகிதாசார முறை, அதாவது கட்சி வாங்கிய ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் முறை, வர வேண்டும். வேட்பாளருக்கு ஒரு பட்டமாவது கட்டாயம் என்று ஆக்க வேண்டும். தேர்தல் செலவை அரசே ஏற்க வேண்டும். இவை நடக்காதவரை எந்தப் புதிய கட்சியாலும் எதையும் மாற்ற முடியாது என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? படிவத்தை நிரப்பலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

எனக்கு வரும் அரசியல் கடிதங்களில் பாதி "இந்த நாடு உருப்படாது" என்று முடியும். உங்கள் கடிதம் ஒரு படிவத்தில் முடிகிறது. அதனால்தான் மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு கட்சி எப்போது கட்சி ஆகிறது என்பதைத்தான் நானும் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சண்டையை முடித்துக்கொள்வோம். வேட்பாளருக்குப் பட்டம் வேண்டும் என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எட்டாவதோடு நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்று கெஞ்சிய ஆசிரியை நான். அந்தப் பிள்ளைகளிடம் போய், "உன்னைப் படிக்கவிடவில்லை, அதனால் இனி உனக்குத் தேர்தலில் நிற்கவும் உரிமையில்லை" என்று நான் சொல்ல வேண்டுமா? ஹரியானாவில் 2015இல் ஊராட்சித் தேர்தலுக்கு இப்படித்தான் படிப்புத் தகுதி வைத்தார்கள். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் அந்த டிசம்பரில் சொல்லிவிட்டது. எனக்கு இன்றைக்கும் அது செரிக்கவில்லை. கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் நன்கொடை தர 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, அதை வகுத்தவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள்தான். காமராசர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள், தம்பி.

நோட்டா 2013இல் ஒரு தீர்ப்பின் வழியாக வந்தது. சட்டமன்றத் தேர்தலில் அது முதலிடமே பிடித்தாலும், அதற்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் எம்.எல்.ஏ. உங்கள் கோபம் பதிவாகும், அவ்வளவுதான்.

அரசு செலவு விஷயத்தில் இந்திரஜித் குப்தா குழு 1998லேயே ஓரளவு உதவி செய்யலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் நம் சட்டத்தில் வேட்பாளரின் செலவுக்குத்தான் வரம்பு உண்டு, கட்சியின் செலவுக்குக் கிடையாது. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கினார்கள். சட்டத்தில் அந்தப் பொத்தல் அப்படியே இருக்க, அரசுப் பணத்தையும் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும்?

சரி, விகிதாசாரத்துக்கு வருவோம். அதில் உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. தனியாகவே 23 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது. கிடைத்த இடம் பூஜ்யம். அ.தி.மு.க. 44 சதவீதத்தில் 39க்கு 37 இடங்களை எடுத்தது. 2006இல் தே.மு.தி.க. எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியும் விருத்தாசலம் ஒன்றுதான் மிஞ்சியது. இது அநியாயம்தான், மறுக்கவில்லை. சட்ட ஆணையம்கூட 1999இல் கொடுத்த 170ஆவது அறிக்கையில் பட்டியல் முறையை, அதாவது கட்சி தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து ஓட்டுக்கு ஏற்ப ஆளை எடுக்கும் முறையை, கொஞ்சம் கலக்கலாம் என்று சொல்லிப் பார்த்தது.

ஆனால் பட்டியலை யார் எழுதுவார்கள்? இன்றைக்கு 234 தொகுதிக்கும் ஆளைத் தலைவர் முடிவு செய்கிறார். இருந்தாலும் நின்றவர் வெயிலில் வீதி வீதியாக நடந்து உங்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பட்டியல் முறையில், தலைவருக்குப் பிடித்தவர் மேலே, பிடிக்காதவர் கீழே. மேலே இருப்பவர் உங்களைப் பார்க்கவே வேண்டாம். இலங்கையில் விகிதாசாரம்தான். அங்கே வாக்காளர் பட்டியலுக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு போடலாம் என்பது ஒரு நல்ல காப்பு. ஆனால் தேசியப் பட்டியல் என்று 29 இடங்கள் உண்டு. அவற்றுக்கு ஆளைக் கட்சிதான் அனுப்புகிறது. கட்சி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பட்டியலும் இருக்கும். அதனால் நீங்கள் தேர்தல் முறையைப் பேசப் பேச, என் மனம் கட்சிக்குள்ளேயே போய் நிற்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எலெக்‌ஷன் டியூட்டியில் பார்த்தேன்.

2016 சட்டமன்றத் தேர்தலில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். விடிவதற்குள் மாதிரி வாக்குப்பதிவுக்கு ஏஜென்ட்டுகள், அதாவது வேட்பாளர் சார்பில் சாவடிக்குள் உட்காருபவர்கள், வந்துவிட்டார்கள். இரண்டு பெரிய கட்சிகளின் ஏஜென்ட்டுகளும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஒருவர் சுயஉதவிக் குழுவின் தலைவியாக இருந்த ஒரு அம்மா. மடியில் வாக்காளர் பட்டியல், கையில் அடிக்கோல். எங்கள் அலுவலர் வரிசை எண்ணும் பெயரும் வாசிக்க வாசிக்க, அந்த அம்மா கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் கையைத் தூக்கினார். "சார், அது இவளோட மாமியா பேரு. இவளும் அதே பேருதான், ரெண்டு வரி தள்ளிப் பாருங்க." பார்த்தால் அப்படியே இருந்தது. இன்னொரு பெயர் வந்தபோது, "அவரு போன ஐப்பசியிலயே போய்ச் சேந்துட்டாரே" என்றார். எதிர்க்கட்சி ஏஜென்ட்டும் தலையாட்டினார். எந்த அடையாள அட்டையும் தராத பாதுகாப்பு அது. அந்த அறையில் கள்ள ஓட்டு நுழைய முடியாது.

அந்தத் தேர்தலில் புதிதாக நின்ற ஒரு கட்சியின் பையன் ஒன்பது மணி வாக்கில் ஓடிவந்தான். பெயர் வேண்டாம். ஏஜென்ட் படிவத்தை நீட்டினான். வேட்பாளர் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலி. "ராத்திரி பதினொரு மணிக்குத்தான் டீச்சர் குடுத்தாங்க" என்றான். வேட்பாளருக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. மாவட்டப் பொறுப்பாளருக்குப் போட்டான். அவர் வேறு ஊர்க்காரர், தலைமை அனுப்பிய ஆள், இந்தப் பையன் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. விதிப்படி அவனை உட்கார வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றான். சாயங்காலம் இயந்திரத்தை மூடி, பதிவான ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தை ஏஜென்ட்டுகளுக்குக் கொடுத்தபோது அந்தக் கட்சிக்கு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பிறகு பூத் வாரியான முடிவுகள் வெளிவந்தபோது தேடிப் பார்த்தேன். என் பூத்தில் அந்தச் சின்னத்துக்கு நூற்றுச் சொச்சம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நம்பி வந்து அழுத்தியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காவலாக ஒரு நாற்காலியில் ஒரு ஆளை உட்கார வைக்க அந்தக் கட்சிக்குத் துப்பில்லை. அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் ஓடி வந்தானே! அவனுக்கும் தலைவருக்கும் நடுவே யாருமே இல்லை என்பதுதான் குறை. நடுவே இருந்தவர்களை அவன் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்களுக்கு அவனைத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

உட்கட்சித் தேர்தல் என்றாலே ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்கிறோம். மேலிருந்து ஒரு பேர் வரும், கீழே கைதட்டி "ஏகமனதாக" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நம் ஊரிலேயே வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1954இல் ராஜாஜி விலகியபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராசரும் சி. சுப்பிரமணியமும் போட்டி போட்டார்கள். ஓட்டு நடந்தது. 93க்கு 41. ஜெயித்த காமராசர் தோற்ற சி.எஸ்.ஸைத் தன் மந்திரிசபையிலேயே வைத்துக்கொண்டார், நிதியும் கல்வியும் கொடுத்து. போட்டியால் கட்சி உடையவில்லை. தி.மு.க. 1949இல் பிறந்தது. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய 1956 திருச்சி மாநாட்டில் கட்சிக்காரர்களிடமே பெட்டி வைத்து ஓட்டு வாங்கியது. 1957இல் 15 இடம், 1959இல் சென்னை மாநகராட்சி, 1962இல் 50 இடம், 1967இல் ஆட்சி. பதினெட்டு வருஷம், தம்பி! இன்றைக்குக் கட்சி தொடங்குகிறவர்கள் பதினெட்டு மாதம்கூடக் காத்திருக்கத் தயாரில்லை. உங்களையும்தான் சொல்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கட்சி மாற்றியிருக்கிறீர்கள். அதில் ஒன்றுக்காவது ஓட்டைத் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா?

நம் காலத்துப் புதிய கட்சிகளில் பெரிதாக ஜெயித்தது ஆம் ஆத்மி. 2012இல் தொடங்கி, 2015 பிப்ரவரியில் டெல்லியில் 70க்கு 67. நானும் மகிழ்ந்தேன். அடுத்த சில வாரங்களிலேயே கேள்வி கேட்ட யோகேந்திர யாதவையும் பிரசாந்த் பூஷணையும் தேசியச் செயற்குழுவிலிருந்து நீக்கினார்கள், பிறகு கட்சியை விட்டே வெளியேற்றினார்கள். கட்சிக்குள் லோக்பாலாக, அதாவது புகார்களை விசாரிக்கும் நடுவராக, இருந்த அட்மிரல் ராமதாசையும் அந்த மார்ச்சிலேயே மாற்றினார்கள். லோக்பால் கேட்டுத் தெருவில் நின்ற இயக்கத்திலிருந்து பிறந்த கட்சி அது! 2025இல் அந்த 67, 22 ஆனது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் வீட்டுக்குள் எச்சரித்துச் சொல்ல ஆளை வைத்துக்கொள்ளாத கட்சிக்குத் தவறு தெரிவது தேர்தல் முடிவன்றைக்குத்தான்.

கட்சிக்குள் ஜனநாயகத்தைச் சட்டத்தால் கொண்டுவர முடியாதா என்றால், முடியும். ஜெர்மனியின் அரசமைப்பில் 21ஆவது பிரிவு, கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயகக் கோட்பாடுகளுக்கு இசைவாக இருக்க வேண்டும் என்கிறது. நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சியைப் பதிவு செய்யும்போது அரசமைப்புக்கு விசுவாசமாக இருப்போம் என்ற உறுதியைக் கேட்கிறது. அப்புறம் உட்கட்சித் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை என்று பதிவை ரத்து செய்யத் தேர்தல் ஆணையத்துக்கு அந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை. போதாததற்கு 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். தாவலைத் தடுத்தது நல்லதுதான். ஆனால் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் எம்.எல்.ஏ.வின் பதவியே போகும். கட்சிக்குள்ளும் பேச இடமில்லை, சபைக்குள்ளும் பேச இடமில்லை. நீங்கள் கேட்கும் மூன்று சீர்திருத்தங்களில் ஒன்றாவது இதைத் தொடுகிறதா?

இன்னொன்று. கட்சிக்காரன் உருவாவது ஊராட்சியிலும் வார்டிலும்தான். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. கிராமங்களுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் நகரங்களில் கவுன்சிலரே இல்லை. அந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் முறையைப் பற்றி இவ்வளவு வருத்தப்படும் நீங்கள், உங்கள் வார்டுக்குத் தேர்தலே நடக்காத அந்த வருஷங்களில் யாரிடமாவது ஒரு மனு கொடுத்தீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உங்களைப் போன்ற ஒரு பிள்ளை வார்டு உறுப்பினராக நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

படிவத்தை நிரப்புங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் அந்தக் கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வட்டச் செயலாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள், அதில் உறுப்பினருக்கு ஓட்டு உண்டா, அடுத்த உட்கட்சித் தேர்தல் எந்த மாதம் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். உள்ளே வந்து முதலில் வேலை செய், அப்புறம் கேள்வி கேள் என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள், பெயர் போடாமல் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா