ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா ஃபிரேம்வொர்க்) ‘இன்ஃபினிட் ரிகர்ஷன்’, அதாவது முடிவில்லாமல் சுற்றும் பிழை வருகிறது. ‘இந்த ஃபீல்டை எழுதாதே’ என்று சொல்லும் ஜேசன்இக்னோர் அனோட்டேஷன் போட்டால் போதுமா?

உங்களிடமும் ஆர்டருக்குள் கஸ்டமர், கஸ்டமருக்குள் ஆர்டர் பட்டியல் என்றுதான் இருக்கும். ஜாவா பொருளை ஜேசன் என்ற டெக்ஸ்ட் வடிவமாக மாற்றும் லைப்ரரியான ஜாக்சன் ஆர்டரில் நுழைந்து கஸ்டமருக்குப் போகும், அங்கிருந்து மறுபடி அதே ஆர்டருக்கு வரும். ஜேசனில் ‘மேலே எழுதியாச்சு, அங்கே பார்’ என்று சொல்ல வழி கிடையாது. அதனால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கஸ்டமரில் உள்ள ஆர்டர் பட்டியலின் மேல் ஜேசன்இக்னோர் போட்டால் பிழை போய்விடும். ஆனால் நாளைக்கு கஸ்டமர் பக்கத்தில் அவருடைய ஆர்டர்களைக் காட்டச் சொல்வார்கள். அப்போது பட்டியல் வராது.

எனக்கு அப்படித்தான் ஆனது. உடனே புத்திசாலித்தனமாக ஜேசன்இக்னோரை எடுத்துவிட்டு, இரண்டு கிளாஸிலும் ஜேசன்ஐடென்டிட்டிஇன்ஃபோ போட்டேன். ஒரு பொருளை முதல்முறை முழுசாக எழுதும், அடுத்த முறை ஐடியை மட்டும் எழுதும். டெஸ்டிங்கில் அருமையாக ஓடியது. புரொடக்‌ஷனுக்குப் போன அன்று மாலை மொபைல் ஆப் பொத் பொத்தென்று விழுந்தது. ஒரே கஸ்டமருக்கு இரண்டு ஆர்டர் இருந்தால், முதல் ஆர்டரின் கஸ்டமருக்குள்ளேயே இரண்டாவது ஆர்டரும் முழுசாக எழுதப்பட்டுவிடுகிறது. வெளிப் பட்டியலில் அதன் முறை வரும்போது 2 என்ற எண் மட்டும்தான். ஆர்டரை எதிர்பார்த்த ஆப்புக்கு வெறும் எண் கிடைத்தால் என்ன செய்யும்? எங்கள் டெஸ்ட் டேட்டாவில் கஸ்டமருக்கு ஒரே ஒரு ஆர்டர்தான். அதை உருவாக்கியதும் நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து என்டிட்டியை (ஆர்டர், கஸ்டமர் மாதிரி டேட்டாபேஸோடு இணைந்த கிளாஸை) நேரடியாக வெளியே அனுப்புவதில்லை. திரைக்கு வேண்டிய ஃபீல்டு மட்டும் உள்ள டிடிஓ என்ற தனி கிளாஸ் எழுதி அனுப்புகிறேன். ‘நாலு ஃபீல்டுக்கு ஒரு கிளாஸா’ என்று கேட்பவர்கள் வருவீர்கள், தெரியும். ஒரு பக்கத்தை எழுதி மறுபக்கத்தை விட்டுவிடும் மேனேஜ்டுரெஃபரன்ஸ், பேக்ரெஃபரன்ஸ் அனோட்டேஷன் ஜோடியும் எனக்குத் தெரியும். ஒரு திசையில் மட்டும் போதும் என்றால் தாராளமாகப் போடுங்கள். எனக்கு இரண்டு திசையும் தேவைப்பட்டது.

இதைத் திருத்த இரண்டு நாள் கேட்டேன். ‘ஒரு வரி அனோட்டேஷனுக்கு இரண்டு நாளா?’ என்றார் மேனேஜர். அந்த இரண்டு நாளும் தினம் மூன்று முறை ஸ்டேட்டஸ் கால். வேலையை இரவில்தான் பார்த்தேன்.

அப்புறம், இரண்டு கிளாஸிலும் லாம்பாக் லைப்ரரியின் ‘டேட்டா’ அனோட்டேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பொருளை எழுத்தாக்க அது உருவாக்கும் டுஸ்டிரிங் மெத்தடும் இதே மாதிரிதான் சுற்றும். ஆர்டரை லாக்கில் அச்சடித்தாலே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வரும். அதற்கு ஜேசனைத் திட்டிப் பிரயோஜனமில்லை.