‘டஃபன் அப்’ என்றால் கல்லாகிவிடு என்று பொருளா?

கேள்வி: லண்டன் நிறுவனம் ஒன்றுக்காகக் கோவையிலிருந்து வேலை செய்கிறேன். ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் ‘யூ நீட் டு டஃபன் அப்’ என்று எழுதியிருக்கிறார். கைப்பேசிச் செயலி ‘கடினமாக்கு’ என்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘ஐ ஹேவ் ஹார்டன்ட் மை ஹார்ட்’ என்று பதில் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பலாமா?

பதில்: அனுப்பிவிடாதீர்கள். 500 ரூபாய் போனது போகட்டும்.

‘ஹார்டன்’ வேறு, ‘டஃபன்’ வேறு. கண்ணாடித் தம்ளரை நகத்தால் கீற முடியாது; ஆனால் கை தவறினால் சில்லுசில்லாகிவிடும். அது ‘ஹார்ட்’, அதாவது கடினம். செருப்புத் தோலில் நகம் பதியும். வருடக்கணக்கில் மிதித்தாலும் பிய்யாது. அது ‘டஃப்’, அதாவது உறுதி. கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய உளியைத் தண்ணீரில் முக்கியதும் அது கடினமாகிவிடும். அப்படியே அடித்தால் முனை தெறிக்கும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டுவார்கள். கடினம் கொஞ்சம் குறையும், அடி தாங்கும் குணம் கூடும். உங்கள் மேலாளர் கேட்பது இந்த இரண்டாவது சூட்டைத்தான்.

‘ஹார்டன் மை ஹார்ட்’ என்பதோ இரக்கத்தை விட்டொழித்தேன் என்பது. கர்த்தர் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று யாத்திராகமம் சொல்கிறதே, ஆங்கில பைபிளில் அங்கே வருவது இந்தச் சொல்தான். அதை மேலாளருக்கு எழுதினால் அவர் என்ன நினைப்பார்?

இந்த வகுப்புக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு மதிப்பெண் என்று பள்ளியிலேயே பழக்கிவிடுகிறோம். தன்வினை, பிறவினையை இலக்கண வகுப்பில் ஒப்பிக்க வைக்கிறோம். ‘டஃபன்’ என்ற ஒரே வடிவம் ‘உறுதிப்படு’, ‘உறுதிப்படுத்து’ இரண்டுக்கும் நிற்கும் என்று ஆங்கில வகுப்பில் யாராவது சொல்கிறார்களா? உங்களுக்கு வந்திருப்பது தன்வினை. செயலி பிறவினையைக் கொடுத்துவிட்டது, அதுவும் தப்பான சொல்லில்.

செய்தித்தாளில் ‘டஃபன்’ சட்டத்தோடு சேர்ந்து வந்தால் தண்டனையைக் கடுமையாக்குதல் என்று பொருள். பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்திய 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஓர் உதாரணம்.

சமையலில் மட்டும் இந்தச் சொல் வசவு. கணவாய் மீனை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். போன் வந்தது என்று விட்டுவிட்டால் ரப்பர்தான். ‘டஃபன்’ ஆகிவிட்டது என்பார்கள். சரி, கெட்டது கெட்டுவிட்டது என்று முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட்டால் மறுபடி மெத்தென்றாகும். அப்போது இந்தச் சொல்லைப் போடக் கூடாது, ‘சாஃப்டன்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கறி அதிகம் வெந்தாலும், பிஸ்கட் மாவை அதிகம் பிசைந்தாலும் ‘டஃபன்’ ஆகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். உங்கள் கடிதத்துக்கும் கணவாய்க்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சமையல் குறிப்பில் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘அப்’ சேர்த்து ஓர் ஆளிடம் சொன்னால், சின்ன அடிக்கெல்லாம் சுருண்டுவிடாமல் தாக்குப்பிடிக்கப் பழகு என்று பொருள். திட்டு அல்ல, தேனாகவும் இல்லை. நெஞ்சில் உரம் வேண்டும் என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். மேலாளருக்கு அலங்காரமான பதில் எதுவும் வேண்டாம். எந்தச் சந்தர்ப்பத்தை மனத்தில் வைத்து எழுதினீர்கள் என்று இரண்டு வரியில் கேளுங்கள். வாடிக்கையாளர் குரலை உயர்த்தியதும் நீங்கள் இறங்கிப்போன ஏதோ ஒரு நாள் அவர் நினைவில் இருக்கலாம்.