அஸபிய்யா: ஹதீஸில் கண்டனம், வரலாற்றில் அரசின் அடித்தளம். எது சரி?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். கருத்தரங்குக்காக, 14-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனின் அஸபிய்யா கொள்கையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அரசுகளை எழுப்புவதே இனப்பற்றுதான் என்கிறார் அவர். வீட்டிலோ, ‘அஸபிய்யாவின் பக்கம் அழைப்பவன் நம்மைச் சேர்ந்தவன் அல்லன்’ என்ற ஹதீஸை (நபிமொழியை) சொல்லி மறுக்கிறார்கள். மஹல்லா ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்) தேர்தலில் என் மாமா நிற்கிறார். அவருக்கு ஓட்டுக் கேட்பதும் அஸபிய்யாவா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, வீட்டில் சொல்லும் ஹதீஸ் ‘அபூதாவூத்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. அறிவிப்பாளர் தொடரில் குறை உண்டு என்பதால், கட்டுரையில் அதை மட்டும் நம்பாதீர்கள். குருட்டுக் கொடியின் கீழ் அஸபிய்யாவுக்காகப் போரிட்டு மடிபவனின் சாவு ஜாஹிலிய்யாச் சாவு (இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமைக் காலச் சாவு) என்று ‘முஸ்லிம்’ தொகுப்பில் வரும் ஹதீஸ் வலுவானது. அபூதாவூதின் அதே பாடத்தில் நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்களின் கேள்வியும் இருக்கிறது: அஸபிய்யா என்றால் என்ன? அநியாயத்தில் உன் கூட்டத்தாருக்கு நீ துணைபோவது என்று நபி (ஸல்) பதில் சொன்னார்கள். சொந்தபந்தத்தின் மேல் பாசம் வைப்பதை அந்தப் பதில் தொடவே இல்லை.

உங்கள் வீட்டார் சொல்லும் ஹதீஸை அறிவிப்பவர் ஜுபைர் இப்னு முத்இம் (ரலி). அவருடைய தந்தை முத்இம் இப்னு அதீ இஸ்லாத்தை ஏற்காதவர், பனூ நவ்ஃபல் குலத்தின் தலைவர். காவலாக நின்ற பெரிய தந்தை அபூதாலிப் இறந்தபின் நபியவர்கள் தாயிஃப் சென்று, கல்லடி பட்டுத் திரும்பினார்கள். மக்காவுக்குள் நுழையக் குலத்தின் காவல் தேவைப்பட்டது. வேறு சிலர் கைவிரித்த பிறகு அடைக்கலம் கொடுத்தவர் முத்இம்தான். மகன்களோடு ஆயுதம் தரித்துக் கஅபாவில் வந்து நின்றார். பத்ர் போருக்குப் பின் நபியவர்கள், முத்இம் உயிரோடிருந்து இந்தக் கைதிகளுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக விட்டிருப்பேன் என்றார்கள். அதையும் அறிவிப்பவர் ஜுபைர்தான். குலக் காவலின் அருமை தெரிந்த வீட்டிலிருந்துதான் அந்தக் கண்டன ஹதீஸும் வருகிறது. கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, நபியவர்கள் மதீனாவில் செய்த உடன்படிக்கையான மதீனா சாசனத்தைப் பாருங்கள். அங்கிருந்த அவ்ஸ், கஸ்ரஜ் குலங்களின் கிளைகளைப் பெயர் பெயராகச் சொல்லி, ஒவ்வொன்றும் தன் இரத்த ஈட்டுத் தொகையை (உயிரிழப்புக்கான இழப்பீட்டை) முன்போலவே கட்டிக்கொள்ளட்டும், தன் கைதிகளைத் தானே மீட்கட்டும் என்கிறது. ஆக, குலம் கலைக்கப்படவில்லை. அநியாயம் செய்பவனுக்கு எதிராக எல்லோர் கையும் ஒன்றுசேரும், அவன் அவர்களில் ஒருவருடைய மகனாகவே இருந்தாலும் சரி என்றும் அதே சாசனம் சொல்கிறது. செலவைப் பகிர்ந்துகொள்ளும் கடமை குலத்திடமே இருந்தது. குற்றவாளியை ஒளித்துவைக்கும் உரிமைதான் பறிக்கப்பட்டது.

இந்தப் பகிர்வு பின்னாளில் ‘ஆகிலா’ என்று சட்டமானது. தவறுதலாக உயிர் போனால் ஈடு நூறு ஒட்டகம். அதைக் குற்றவாளியின் குலத்தார் மூன்று ஆண்டுகளில் கட்ட வேண்டும். வேண்டுமென்றே செய்த கொலைக்கு அவர்கள் கட்ட மாட்டார்கள். ஹனஃபி சட்டப்பள்ளியின் நூல்களில் ஈடு 10,000 திர்ஹம். ஒரு தலைக்கு நான்கு திர்ஹத்துக்கு மேல் விழக்கூடாது. கணக்குப் போட்டால் 2,500 பேராவது பங்கெடுக்க வேண்டும். ஆள் போதாவிட்டால் அடுத்த நெருங்கிய குலத்தைச் சேர்ப்பார்கள்.

இப்னு கல்தூன் (1332–1406) இந்த ஹதீஸ்களை அறியாதவர் அல்லர். கெய்ரோவில் மாலிகி சட்டப்பள்ளியின் தலைமைக் காழியாக (நீதிபதியாக) இருந்தவர். 1377-இல் எழுதிய ‘முகத்திமா’ என்ற நூலில் உங்கள் கேள்வியை அவரே எடுத்துப் பதில் சொல்கிறார். கோபத்தையும் ஷரீஅத் கண்டிக்கிறது, ஆனால் மனிதனிடமிருந்து கோபமே அடியோடு போய்விட்டால் சத்தியத்துக்காக நிற்க ஆளிருக்காது. அஸபிய்யாவும் அப்படித்தான்: வீணுக்கானால் இழிவு, சத்தியத்துக்கானால் தேவை என்கிறார். வீட்டாருக்கும் இந்தப் பகுதியையே வாசித்துக் காட்டுங்கள்.

கட்டுரைகளில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அஸபிய்யாவை வெறும் இரத்த உறவாக எழுதிவிடுவது. வம்சாவளி பெரும்பாலும் மனத்தில் உள்ள ஒன்று, அதனால் விளையும் பிணைப்பே பயன் என்பது இப்னு கல்தூனின் கருத்து. கூட்டாளிகளும், விடுதலை பெற்று அண்டி வாழ்ந்தவர்களும் அதில் அடக்கம். இரண்டு, ஓர் அரசின் ஆயுள் ‘மூன்று தலைமுறை, 120 ஆண்டு’ என்று அவர் சொல்வதை ஜோசியக் கணக்காக்குவது. வட ஆப்பிரிக்காவை ஆண்ட முவஹ்ஹிதுகள் தலைநகர் மராக்கிஷைப் பிடித்தது 1147, இழந்தது 1269. கச்சிதமாகப் பொருந்துகிறது என்று உடனே எழுதிவிடுவார்கள். 750 முதல் 1258 வரை பெயரளவிலாவது நீடித்த அப்பாஸிய கலீஃபாக்களை என்ன செய்வது? கலீஃபா முஃதஸிம் (833–842) காலத்திலேயே அவர்களின் அரபு அஸபிய்யா கெட்டுவிட்டது, அதன்பின் பாரசீகர், துருக்கியர் போன்ற பிற இனத்தார்தான் தாங்கினார்கள் என்பது அவர் விளக்கம். அரசு சரிவதை அவர் இப்படிக் காட்டுகிறார்: ஆட்சியைப் பிடித்தவன் தன் சொந்தக்காரர்களை அடக்கி, கூலிப்படையை நம்பி, அதற்குச் சம்பளம் கொடுக்க வரியை உயர்த்துகிறான். வரி உயர உயர வருமானம் குறைகிறது. ஆண்டுக் கணக்கைச் சுருக்கி, இந்தச் சங்கிலியை விரிவாக எழுதுங்கள்.

மாமா விஷயத்துக்கும் சாசனத்தின் ‘மகனாகவே இருந்தாலும்’ என்ற வரிதான் அளவுகோல். வக்ஃப் (அறச்சொத்து) கணக்கில் புகார் வந்தால் உங்கள் குடும்பம் மாமாவிடமே கணக்குக் கேட்குமா? கேட்கும் என்றால் தாராளமாக ஓட்டுக் கேளுங்கள். அவர் செய்த வேலையைச் சொல்லிக் கேளுங்கள். ‘நம்ம குடும்பத்து ஆள்’ என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். எதிரணியில் தகுதியானவர் நிற்பது தெரிந்தும் மாமாவுக்காக அவரைத் தூற்ற வேண்டி வந்தால், அந்த வேலையிலிருந்து விலகிவிடுங்கள்.